உழைப்பும் நோயும்

உழைப்பே மக்கள் வாழ்வின் உயிர்நாடி. உழுவோர் ஓய்ந்தால் உணவில்லை. நெய்வோர் ஓய்ந்தால் உடையில்லை. கட்டுவோர் ஓய்ந்தால் உறையுள் இல்லை. ஆதலின் உழைப்பைப் போற்றுதல் நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆனால், உழைப்பைப் போற்றும் நாம் உழைக்கும் உடம்பைப் போற்றுகின்றோமா?

உழைக்கும் இடத்தில் உழைப்பவர்க்கு நேரும் தீங்கு இருவகைப்படும். ஒன்று, திடீரென நேர்வது. பொறியில் கை சிக்குதலும், உயரத்திலிருந்து விழுதலும், ஊர்தி கவிழ்தலும் இவ்வகையின. மற்றொன்று, மெல்ல மெல்ல நேர்வது. புகை, தூசி, நஞ்சு, ஈரம், கடும் வெப்பம், ஓயாத குனிவு, ஓய்வின்மை என்பன நாள்தோறும் சிறிது சிறிதாக உடம்பை அரித்துப் பல்லாண்டு கழிந்தபின் நாட்பட்ட நோயாக வெளிப்படும். முன்னதை ஊர் முழுதும் காணும், செய்தித்தாள் எழுதும், அரசு இழப்பீடு வழங்கும். பின்னதற்குச் சாட்சி இல்லை. ‘வயதாகிவிட்டது’ என்றோ, ‘தலைவிதி’ என்றோ சொல்லி அதனை விட்டுவிடுகின்றோம். அவ்வாறு விடுதல் தகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. போடிநாயக்கனூரையும், அதன் மேற்கே எழுந்து நிற்கும் ஏலமலைச் சரிவுகளையும் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

போடிநாயக்கனூர் தேனி மாவட்டத்தில் மலையடியில் அமைந்த ஊர். ஏலக்காய் வாணிகத்தால் பெயர் பெற்றது. நறுமணப்பொருள் வாரியத்தின் ஏல மையம் இங்கும், மலைமேல் புற்றடியிலும் இருக்கின்றது. ஊரின் மேற்கே, கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகின்றது. அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை எனப் பரந்து கிடக்கும் ஏலத்தோட்டங்கள் கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தவை. போடியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழும் ஆடவரும் பெண்டிரும் விடியற்காலையில் சோற்றுப் பாத்திரத்தோடு புறப்பட்டு, நெருக்கமாக ஜீப்புகளில் ஏறி அம்மலைக்குச் செல்கின்றனர். மாலையில் அவ்வழியே இறங்கி வருகின்றனர். காலையும் மாலையும் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றமும் இறக்கமும் உடைய அப்பயணமே உடம்புக்கு ஒரு சுமை. வளைவில் ஜீப்பு கவிழ்ந்தால் அந்நாள் ஊரே கண்ணீர் வடிக்கின்றது. கவிழாத நாள்களில் அவர்கள் உடம்புக்கு நேர்வது யாது என்று எண்ணிப் பார்ப்பார் சிலரே.

ஏலச்செடி ஓங்கிய மரங்களின் நிழலில், ஈரமிக்க மண்ணில் வளர்வது. அதன் இலைகள் ஆளுயரத்துக்கு மேலும் எழும். காய்களோ செடியின் அடியில், தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்க்கும். ஆகவே காய் எடுப்பவர் நிமிர்ந்து நின்று எடுத்தல் இயலாது. குனிந்தோ, குந்தியோ, செடிக்குச் செடி நகர்ந்துதான் எடுத்தல் வேண்டும். ஒரு சரத்தில் உள்ள காய்கள் யாவும் ஒருங்கே முற்றுவதில்லை. முற்றியதை மட்டும் விரலால் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை விட்டு, சில வாரங்கள் கழித்து மீண்டும் வருதல் வேண்டும். இங்ஙனம் மழைக்காலம் தொடங்கிப் பனிக்காலம் வரையில் காய் எடுப்பு நீளும். மேலே மழை, கீழே சேறு, காலில் அட்டை, நனைந்த உடை உடம்பிலேயே உலர்தல். ஒரு நாள் இவ்வாறு உழைத்தவர் ஒரு நாள் இளைப்பாறினால் தேறுவார். இருபது ஆண்டு இவ்வாறு உழைத்தவரின் இடுப்பும் முழங்காலும் எவ்வாறு தேறும்? நாற்பது வயதில் அறுபது வயதின் மூட்டு அமைந்துவிடுதலில் வியப்பு யாது?

பறித்த காய் அடுத்துச் செல்லுமிடம், ‘ஸ்டோர்’ என்று வழங்கும் உலர்த்தும் கூடம். பச்சைக் காயின் நிறம் மாறாமல் ஈரம் மட்டும் நீங்குதற்கு இளஞ்சூடு இடைவிடாது இருத்தல் வேண்டும். விறகிட்டு எரிக்கும் கூடங்களில் ஒருவர் இரவெல்லாம் கண்விழித்து அடுப்பைக் காத்தல் வேண்டும். நாளடைவில் விறகுப்புகை மூச்சுக்குழலின் உட்சுவரைத் தடிக்கச் செய்து, நுரையீரலின் விரிவைக் குறைக்கும். தொடக்கத்தில் காலை இருமலாகத் தோன்றுவது பிற்காலத்தில் பத்துப் படி ஏறினால் மூச்சிரைக்கும் நிலையாக முடியும். இந்நோயைத் தணிக்கலாமே அன்றி, இழந்த நுரையீரல் வலிமையை மீட்டல் அரிது. உலர்ந்த காய் பின்னர்த் தரம் பிரிக்கும் இடத்துக்கு வருகின்றது. அங்கே பெண்கள் நாள்முழுதும் தரையில் அமர்ந்து, பழுதும் சிறியதும் நீக்கிப் பெருங்காயை வேறாக்குவர். கழுத்து வளைந்தபடி, கண் ஒரே தொலைவில் ஊன்றியபடி, தூசி மூக்கை நோக்கி எழுந்தபடி அவ்வேலை நடைபெறும். அது வெயிலும் மழையும் இல்லாத வேலைதான். எனினும் எளிய வேலை அன்று.

இவை யாவற்றினும் கொடியது பூச்சிமருந்தின் தீங்கு. ஏலச்செடியை இலைப்பேனும் தண்டு துளைக்கும் புழுவும் வேர்ப்புழுவும் விடாது தாக்கும். அவற்றை அழிக்க ஆண்டில் பலமுறை மருந்து தெளிக்கப்படுகின்றது. மக்கள் இதனை ‘மருந்து அடித்தல்’ என்கின்றனர். இச்சொல்லையே சற்று ஆராய வேண்டும். நோய் தீர்ப்பது மருந்து. உயிர் கொல்வது நஞ்சு. நஞ்சினை மருந்து என்று அழைத்துப் பழகியமையால் அதனிடம் கொள்ள வேண்டிய அச்சமும் நம்மை விட்டு அகன்றது. குயினால்பாஸ் முதலிய பாஸ்பரஸ் சார்ந்த நஞ்சுகள் பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்வன. மனிதன் நரம்பும் அதே முறையில் இயங்குவதே! கோலினெஸ்டரேஸ் என்னும் ஒரு நொதி நம் நரம்புகளில் இருந்துகொண்டு, ஒரு நரம்புச் செய்தி முடிந்ததும் அதனை நிறுத்திவைக்கின்றது. இந்நஞ்சு அந்நொதியை முடக்கிவிடும். அப்போது வியர்வை பெருகும், வாயில் நீர் ஊறும், கண் மங்கும், தலை சுற்றும், வாந்தி வரும். மாலையில் வீடு திரும்பியவர், ‘இன்று வெயில் மிகுதி’ என்று சொல்லிப் படுத்துக்கொள்வார். மறுநாள் மீண்டும் தெளிக்கச் செல்வார்.

இந்நஞ்சு மூக்கின் வழியாக மட்டும் புகும் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மை அன்று. தோலின் வழியாகவும் அது எளிதில் உட்செல்லும். நனைந்த சட்டை நஞ்சைத் தோலோடு ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். அச்சட்டையை வீட்டில் குழந்தையின் உடையோடு சேர்த்துத் துவைத்தால், தோட்டத்துக்கே செல்லாத குழந்தையையும் நஞ்சு தேடி வரும். நெடுங்காலம் இவற்றோடு பழகுவோர்க்கு நரம்புத் தளர்ச்சி, நினைவுக் குறைவு முதலியன நேரக்கூடும் என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். பாஸ்பரஸ் சார்ந்த மாலத்தியான், டயசினான் என்னும் இரண்டும் மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கக்கூடியனவாதல் வேண்டும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. கேரளத்தின் வடகோடியில் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களின் மேல் வானூர்தியால் எண்டோசல்பான் பல்லாண்டுகள் தெளிக்கப்பட்டது. 2011 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அதனை நாடு முழுவதும் தடுத்தது. 2017-ஆம் ஆண்டில், பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவர்க்கும் 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு ஆணையிட்டது. நஞ்சின் விளைவை ஏற்றுக்கொள்ள ஒரு நாட்டுக்கு எத்தனை ஆண்டு வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, தமிழில் உள்ள ஒரு சொல்லைக் காண்போம். ‘வினை’ என்னும் சொல்லுக்குத் தொழில் என்பது ஒரு பொருள்; முற்பிறப்பில் செய்ததன் பயன் என்பது மற்றொரு பொருள். நாட்பட்ட நோயால் வருந்தும் தொழிலாளர், ‘எல்லாம் என் வினை’ என்று பெருமூச்சு விடுகின்றனர். அவர் சொல்வது உண்மையே. ஆனால் அவர் கருதும் பொருளில் அன்று. அது முன்வினை அன்று. அவர் நாள்தோறும் செய்துவந்த தொழிலாகிய வினை. இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்னும் பாகுபாட்டை நீங்கள் கற்றிருப்பீர்கள். ‘நோய் வந்தது’ என்பது தன்வினை. ‘நோயை வருவித்தது’ என்பது பிறவினை. நாம் எப்போதும் முன்னதையே சொல்கின்றோம். பின்னதைச் சொல்லத் தொடங்கினால், ‘வருவித்தது எது?’ என்னும் கேள்வி தானே எழும்.

அக்கேள்வியை மருத்துவ உலகில் அழுத்தமாக எழுப்பிய பெருமை இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினியைச் சாரும். அவர் 1633-ஆம் ஆண்டு பிறந்தவர். மொடேனா நகரில் வாழ்ந்தபோது, கழிவுக்குழியைத் துப்புரவு செய்யும் ஒருவன் மிக விரைந்து வேலை செய்வதைக் கண்டு காரணம் வினவினார். அக்குழியில் நெடுநேரம் நின்றால் கண் கெடும் என்று அவன் விடை கூறினான். அவ்விடை அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. பின்னர் அவர் குயவர், கண்ணாடி செய்வோர் முதலிய பலரின் வேலையிடங்களுக்கு நேரிற்சென்று ஆராய்ந்து, தொழிலாளர் நோய்களைப் பற்றிய பெருநூலை 1700-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நோயாளியிடம் பழைய மருத்துவர் கேட்கச் சொன்ன கேள்விகளோடு, ‘நீ செய்யும் தொழில் யாது?’ என்னும் ஒரு கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் திருவள்ளுவரும் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், நோயை மட்டும் அன்றி அதன் காரணத்தையும் ஆராயுமாறு மருத்துவனுக்கு அறிவுறுத்துகின்றார். காரணம் தோட்டத்தில் இருக்க, மருந்தை மட்டும் வீட்டில் தேடினால் நோய் எங்ஙனம் தீரும்?

உலக அளவில் பார்த்தாலும் இவ்வுண்மை விளங்கும். உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து 2021-ஆம் ஆண்டில் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. 2016-ஆம் ஆண்டில் மட்டும் தொழில் காரணமாக உலகில் ஏறத்தாழ 19 லட்சம் பேர் உயிரிழந்தனர் என்பது அம்மதிப்பீடு. அவர்களுள் விபத்து முதலிய காயங்களால் இறந்தோர் 100-க்கு 19 பேரே. ஏனைய 81 பேரும் நுரையீரல் நோய், பக்கவாதம், நெஞ்சுநோய் முதலிய நோய்களால் இறந்தோர். ஆகவே நாம் காணும் தீங்கு சிறிது. காணாத தீங்கே பெரிது.

காணாத தீங்கை மெய்ப்பித்தல் எவ்வளவு அரிது என்பதற்குப் போடிக்கு வடகிழக்கே பழனிமலைத் தொடரில் உள்ள கொடைக்கானல் சான்று. அங்கே இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானி ஆலை இயங்கியது. வெப்பமானிக்குள் இருப்பது பாதரசம், அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை, நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கவல்லது. 2001-ஆம் ஆண்டில், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி ஊரில் ஒரு பழைய பொருள் கிடங்கில் கிடந்தமை வெளிப்பட்டு, ஆலை மூடப்பட்டது. தம் நோய்க்குப் பாதரசமே காரணம் என்று முன்னாள் தொழிலாளர் முறையிட்டனர். அவ்வாறு இல்லை என்று நிறுவனம் மறுத்தது. வழக்கும் போராட்டமும் நீண்டு, இறுதியில் 2016-ஆம் ஆண்டில் 591 தொழிலாளர் சார்பில் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. இடையே கழிந்தவை பதினைந்து ஆண்டுகள். பொறியில் சிக்கிய கை தன் காயத்தைத் தானே சொல்லும். பாதரச ஆவி புகுந்த சிறுநீரகம் என்ன சொல்லும்? எழுதிவைத்த மருத்துவக் குறிப்பு ஒன்றே அதற்கு நா ஆகும்.

ஏலமலைத் தொழிலாளர்க்கு அக்குறிப்பை எழுதிவைப்பதிலும் ஓர் இடர் உண்டு. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளம், பீருமேடு மலைப்பகுதிகள் கேரளத்தில் நின்றன. அதனால் போடித் தொழிலாளரின் வேலையிடம் ஒரு மாநிலத்திலும், வீடும் மருத்துவமனையும் மற்றொரு மாநிலத்திலும் அமைந்தன. தோட்டத்தை மேற்பார்க்கும் அலுவலர் கேரள அரசினர். இருமலுக்கு மருந்து தரும் மருத்துவர் தமிழக அரசினர். நோயைக் காண்பவர் தோட்டத்தைக் காண்பதில்லை. தோட்டத்தைக் காண்பவர் நோயைக் காண்பதில்லை. மேலும், தமிழக அரசு 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் நல்ல திட்டம், இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாயிலிலேயே மருந்து தருவது. ஆனால் பகலில் அம்மருந்து வாயிலுக்கு வரும் வேளையில் தொழிலாளி மலைமேல் அல்லவா இருக்கின்றார்!

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீர், கழிப்பிடம், மருத்துவ வசதி, குழந்தைக் காப்பகம் ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளரின் கடமை ஆக்கியது. 2010-ஆம் ஆண்டின் திருத்தம் பூச்சிமருந்திலிருந்து காப்பதையும் அதனுள் சேர்த்தது. 2020-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தொழிற்பாதுகாப்பு, நலவாழ்வுத் தொகுப்புச் சட்டமும் இக்கடமைகளை ஏற்றது. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், நஞ்சைக் கையாள்வோர்க்குக் காப்புடை தரவும், காலமுறையில் மருத்துவ ஆய்வு செய்யவும் விதித்தன. ஆனால் தோட்டச் சட்டம் 5 எக்டேரும் அதற்கு மேலும் உள்ள தோட்டங்களுக்கே உரியதாக இருந்தது. ஏலத்தோட்டங்களுள் மிகப் பல அதனினும் சிறியவை. சட்டத்தின் குடை விரிந்தது. ஆயினும் பலர் அதன் வெளியே நனைகின்றனர்.

இங்கே இருவர் மறுப்புக் கூறலாம். ஒருவர், ‘தொழிலாளரே புகையிலையும் மதுவும் கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்கின்றனர், முகமூடி கொடுத்தாலும் அணிவதில்லை’ என்பார். தீய பழக்கம் தீயதே; ஐயமில்லை. ஆனால் புகையிலையே தொடாத பெண்ணின் முழங்கால் தேய்வது எதனால்? சரிவில் ஏறுவோர்க்கு முகமூடி மூச்சை அடைப்பதால் அன்றோ அதனைக் கழற்றுகின்றனர்! பொருந்தாத கருவியைக் கொடுத்துவிட்டு அணியவில்லை என்று குறை கூறுதல் அறமாகாது. மற்றொருவர், ‘ஏலக்காய் விலை ஏறியும் இறங்கியும் நிற்கின்றது, சிறு விவசாயி இவ்வளவும் செய்தல் எங்ஙனம் இயலும்?’ என்பார். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆயினும் செய்ய வேண்டியவற்றுள் பல பெருஞ்செலவு உடையவை அல்ல. நஞ்சு தெளிக்கும் பக்கத்தில் காய் எடுப்போரை நிறுத்தாமை. தெளித்தபின் உரிய நாள் கழியும்வரை அங்கே ஆள் அனுப்பாமை. காற்றின் திசை நோக்கித் தெளித்தல். கை கழுவ நீரும் சவர்க்காரமும் வைத்தல். பெண்களுக்கு மறைவான கழிப்பிடம் அமைத்தல். கழிப்பிடம் இல்லையேல் பெண்கள் நாள்முழுதும் நீர் அருந்தாமல் அடக்கிக்கொள்வர். அதனால் சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் கோளாறும் வரும். ஒரு சிறு கூரையால் ஒரு பெருநோயைத் தடுக்கலாம். நஞ்சுக்கு மாற்றும் உண்டு. வேர்ப்புழுவை அழிக்கும் நுண்ணிய நூற்புழுக்களை மயிலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கின்றது. தீங்கைத் தோற்றுவாயிலேயே நீக்குவது தலையாய வழி. முகமூடி கடையாய வழி.

சிறு விவசாயியால் இயலாததை அரசுகள் செய்தல் வேண்டும். போடியிலும் மலைமேலும் உள்ள அரசு மருத்துவமனைகளில், ஒவ்வொரு நோயாளியின் சீட்டிலும் தொழிலும் தோட்டத்தின் இடமும் எழுதப்படல் வேண்டும். தெளிப்பவரின் இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைத் தெளிக்கும் பருவத்துக்கு முன்னும் பின்னும் ஆய்தல் வேண்டும். ஜீப்புகள் புறப்படும் இடத்திலேயே காலையிலோ மாலையிலோ மருத்துவ முகாம் நடத்தல் வேண்டும். இரு மாநில அரசுகளும் அக்குறிப்புகளைத் தமக்குள் பகிர்தல் வேண்டும். மலைக்கு எல்லைக்கோடு இருக்கலாம். மூச்சுக்கு எல்லைக்கோடு இல்லை.

மாணவர்களே! உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பூச்சிமருந்துக் குப்பியின் மேல் நிறமுக்கோணம் ஒன்று இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, பின்னர் நீலம், பச்சை சற்றுக் குறைந்தது. பச்சையும் நஞ்சே. படிக்கத் தெரியாத பெரியோர்க்கு அதனைப் படித்துக் காட்டுங்கள். நஞ்சில் நனைந்த உடையைத் தனியே துவைக்கச் சொல்லுங்கள். காலிக் குப்பியில் தண்ணீர் வைக்க விடாதீர்கள். பெற்றோரோடு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், மருத்துவர் கேளாவிடினும், ‘இவர் ஏலத்தோட்டத்தில் மருந்து தெளிப்பவர்’ என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். உங்களுள் சிலர் நாளை மருத்துவர் ஆவீர்கள். சிலர் அலுவலர் ஆவீர்கள். சிலர் தோட்டம் உடையோரும் ஆவீர்கள். எந்நிலையில் இருப்பினும் ராமாசினி கேட்ட அக்கேள்வியை மறவாதீர்கள்.

பாலிலும் பாயசத்திலும் ஏலக்காய் மணக்கின்றது. கோயில் படையலிலும் திருமணப் பந்தியிலும் மணக்கின்றது. அம்மணத்தை நமக்கு ஆக்கித் தருவோர் மூச்சுவிட வருந்துதல் முறையோ? உழைத்தவர் முதுமையில் தளர்தல் இயற்கை. உழைத்த இடமே அவரை முதுமைக்கு முன் தளரச் செய்தல் இயற்கை அன்று. அது மனிதர் செய்த குறை. மனிதர் செய்த குறையை மனிதரே நீக்குதல் கூடும்; நீக்குதலே கடன்.